உங்களுக்குத் தெரியுமா? அபூர்வத்தை அளக்கும் உபாயம்

அணு உலையின் காப்புச் சுவரைத் துளைத்து வெளியேறும் நியூட்ரான் 10 லட்சத்தில் ஒன்றே எனில், அந்த அபூர்வ சம்பவத்தின் நிகழ்தகவைச் சுமார் 10 சதவீதப் பிழைக்குள் அறிய, ஏறத்தாழ 10 கோடி நியூட்ரான்களின் பிரயாணத்தைக் கணிப்பொறியில் ஒவ்வொன்றாக நடத்திப் பார்க்க வேண்டும்.

இப்பெருஞ்சிரமத்தைத் தவிர்க்க, அமெரிக்க அறிஞர்களான ஹெர்மன் கானும் தியோடர் ஹாரிஸும் 1951-இல் விளக்கிய உபாயம் நூதனமானது: சுவரை மனத்தளவில் பல படலங்களாகப் பகுத்து, ஒரு படலத்தைக் கடந்த துகளைப் பல பிரதிகளாக்கி, கணக்கில் அதற்குரிய மதிப்பை அவற்றுக்குச் சமமாகப் பங்கிட்டு, மேலே செல்ல விடுவது. பிரதிகள் பெருகினும் மொத்த மதிப்பு மாறாமையால், விடை ஒருபுறமும் சாய்வதில்லை.

படலங்கள் ஆறாக, ஒவ்வொன்றையும் பத்தில் ஒன்றே கடக்குமாயின், எளிதில் அளக்கத்தக்க அந்த ஆறு பின்னங்களின் பெருக்கமே 10 லட்சத்தில் ஒன்று; எட்டாத சிகரத்துக்குப் படி வெட்டி ஏறும் விவேகம் இதுவே.