தாயின் மடி இருக்கையில்...



ஃபிர்அவ்னின் கொடுமைக்கு அஞ்சிய அன்னை, இறைவன் அறிவித்தவாறு, குழந்தை மூஸா (அலை) அவர்களை ஆற்றில் விட்டார்கள். அப்போது சகோதரி ஆற்றிய பணியைத் திருக்குர்ஆனின் 28-ஆம் அத்தியாயம் விவரிக்கிறது. அவர் தொலைவிலிருந்தே கண்காணித்துச் சென்றார். எந்தச் செவிலியிடமும் குழந்தை பாலருந்தாத வேளையில், அதனைப் பேணி வளர்க்கும் ஒரு குடும்பத்தைச் சுட்டிக்காட்டினார். குழந்தை பெற்ற தாயின் மடிக்கே திரும்பியது.

நலிவுற்ற குழந்தைகளுக்காக உழைக்கும் சமூகப் பணியாளரின் கடமையும் இத்தகையதே. தாயைப் பழிப்பதன்று, தாயைத் தாங்கிப் பிள்ளையைக் காப்பது.

புதுச்சேரியின் முல்லா வீதியிலோ காஜியார் வீதியிலோ ஒரு குடும்பத் தலைவர் மறைந்துவிட்டார் எனக் கொள்வோம். தாயின் இத்தா முடியுமுன்பே உறவினர் கூறுவது என்ன? "பிள்ளையை எத்தீம்கானாவில் சேர்த்துவிடுவோம்!" நோக்கம் நல்லதே. ஆயினும், தந்தையை இழந்த பிள்ளை, வறுமையின் பொருட்டுத் தாயையும் பிரிய வேண்டுமா?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையைப் பேணும் முதற்பொறுப்பைக் குடும்பத்துக்கே உரியதாக்குகிறது. காப்பகத்தைக் கடைசி வழியாகவே வைக்கிறது. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்துக்கு 2022-இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகள், கைம்பெண்ணின் பிள்ளைக்கும், உயிர்க்கொல்லி நோயுற்ற பெற்றோரின் பிள்ளைக்கும் மாதம் 4,000 ரூபாய் உதவ வழி செய்துள்ளன. நகர்ப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டலாகாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகினால், பணியாளர் இல்லம் வந்து நிலைமையைக் கண்டறிந்து, உரிய குழுவின் முன் அறிக்கை வைப்பார்.

பணம் மட்டுமே தாயைத் தாங்கிவிடாது. குடும்ப அட்டை, விதவை உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்கு எங்கே செல்வதென்று அவர் அறியாதிருக்கலாம். நல்ல பணியாளர் உடன் நின்று வழிகாட்டுவார். அதற்கும் முன்னதாக, அத்தாயின் துயரைப் பொறுமையுடன் செவிமடுப்பார்.

நம் ஷரீஅத்தும் தாயின் உரிமையைப் போற்றுகிறது. கணவர் பிள்ளையைப் பறிக்க முயல்வதாக மணவிலக்குப் பெற்ற பெண்ணொருவர் முறையிட்டபோது, அவர் மறுமணம் புரியாதவரை அவருக்கே உரிமை அதிகம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூதாவூத் நூல் பதிவு செய்துள்ளது.

எவருமற்ற பிள்ளைக்கு எத்தீம்கானா அவசியமே. இல்லத்திலேயே கொடுமைக்குள்ளாகும் பிள்ளையை வெளியேற்றிக் காப்பதும் கடமையே. அதற்கென 1098 என்னும் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது. ஆனால், அன்பு நிறைந்து பொருள் மட்டும் குறைந்த வீட்டுக்கு மருந்து பிரிவன்று.

ஆகவே, ஜமாஅத் பெரியோர்களே! ஏழைத் தாய்மாருக்கான ஜகாத்தை அவர்தம் வாயிலுக்கே கொண்டு சேருங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவரையும் உடன் அனுப்புங்கள். மூஸா (அலை) அவர்களின் அன்னைக்குக் கண்குளிர்ச்சி அளித்த வல்ல ரஹ்மான், நம் தெருத் தாய்மாருக்கும் அதனை அருள்வானாக! ஆமீன்.