ரிசார்ட்டில் இருக்கும்போது புயல் வந்தால்

2023 அக்டோபர் 24ஆம் தேதி காலை, மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கும் அகபுல்கோ நகரின் கடற்கரை விடுதிகள் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தன. சுரங்கத் தொழில் மாநாடு ஒன்றுக்காகப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கியிருந்தார்கள். கடலில் ‘ஓடிஸ்’ என்றொரு புயல் இருப்பது தெரிந்த செய்திதான். ஆனால், அது இவ்வளவு பெரிதாகும் என்று முந்தைய நாள் கணிப்பு எதுவும் சொல்லவில்லை. பிற்பகலில் அது ஹரிக்கேன் ஆனது. இரவில் உச்சத் தரமான 5ஆம் வகையை எட்டியது. நள்ளிரவு 12.25க்கு, மணிக்குச் சுமார் 260 கி.மீ. வேகக் காற்றோடு கரையைக் கடந்தது. உயரமான விடுதிகளின் கண்ணாடிச் சுவர்கள் நொறுங்கி விழ, விருந்தினர்கள் குளியலறைக்குள் புகுந்து, மெத்தைகளைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து இரவைக் கழித்தார்கள். விடிந்தபோது மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. தலைநகருக்குப் போகும் நெடுஞ்சாலையை மண்சரிவு மூடியிருந்தது. அந்தப் புயலில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

ஒரே நாளில் ஓடிஸின் காற்று வேகம் மணிக்கு 170 கி.மீ.க்கும் மேல் கூடியது. 24 மணி நேரத்தில் 55 கி.மீ. கூடினாலே அதை ‘அதிவேகத் தீவிரமடைதல்’ என்று வானிலையாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். வெகு ஆழம்வரை சூடேறிய கடல்நீர், மேலடுக்குக் காற்றின் குறுக்கீடின்மை, ஈரப்பதம் மிகுந்த காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் இப்படி நடக்கலாம். எப்போது சேரும் என்பதை முன்கூட்டிச் சொல்வதுதான் இன்றைக்கும் கணினி மாதிரிகளுக்குச் சவால். புயல் எந்தப் பக்கம் போகும் என்ற கணிப்பு கடந்த சில பத்தாண்டுகளில் மிகவும் மேம்பட்டிருக்கிறது. எவ்வளவு வலுவாகும் என்ற கணிப்பு அந்த அளவுக்கு முன்னேறவில்லை. ஆகவே, “சின்னப் புயல்தானாம்” என்ற சொல்லை நம்பிப் படுக்கப் போகக் கூடாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம் என்பதால், நீண்ட வார இறுதி கிடைத்தால் அந்நாட்டின் கரீபியன் கரையில் இருக்கும் கான்கூன் போய்வருகிறவர்கள் ஏராளம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துப் போகிறார்கள். அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கிழக்கு பசிபிக்கில் மே 15லேயே தொடங்கிவிடும். அட்லாண்டிக் பக்கம் உச்சம் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டி. அந்த மாதங்களில்தான் ரிசார்ட்டுகள் கட்டணத்தைக் குறைத்து அழைக்கின்றன. குறைந்த கட்டணத்துக்குக் காரணம் புயல் என்பதை முன்பதிவுப் பக்கம் சொல்வதில்லை.

புயல் நெருங்கும் கரையில் மிகக் குறைவாக விவரம் தெரிந்தவர் விடுதி விருந்தினர்தான். உள்ளூர்க்காரருக்கு வானொலி உண்டு, மொழி தெரியும், அக்கம்பக்கம் உண்டு, முந்தைய புயல்களின் நினைவு உண்டு. விருந்தினருக்கு இருப்பது நீச்சல் குளமும் வரவேற்பு மேசையும். வரவேற்பு மேசையில் நிற்பவர் பொய் சொல்வதாக நான் குற்றம் சாட்டவில்லை. விருந்தினரைப் பதற்றப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. அவ்வளவுதான். அதனால், தகவலுக்கென்று தனி வழியை வைத்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

அந்த வழிகளில் முதன்மையானது, மயாமியில் இருக்கும் அமெரிக்காவின் தேசிய ஹரிக்கேன் மையம். கரீபியனுக்கும் மெக்சிகோவின் இரு கரைகளுக்கும் அதன் அறிக்கைகள்தான் அடிப்படை. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். கரைக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டுவிட்டால் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. கான்கூன் நேரப்படி முழு அறிக்கை அதிகாலை 4, காலை 10, மாலை 4, இரவு 10 மணிக்கு வெளியாகும். இந்திய நேரத்தில் அது பிற்பகல் 2.30, இரவு 8.30, அதிகாலை 2.30, காலை 8.30. ஊரில் இருக்கும் தம்பியையோ மச்சானையோ அறிக்கையைப் பார்த்துச் சொல்லும் வேலைக்கு அமர்த்திவிடலாம். விடுதியின் வைஃபை போன பிறகும், கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு இருந்தால் எஸ்எம்எஸ் நுழைந்துவிடும். “மையம் 300 கி.மீ., வகை 3, வடமேற்கு நோக்கி 15 கி.மீ. வேகம்” என்று ஊரிலிருந்து வரும் ஒரு வரி, அந்த நேரத்தில் எந்தத் தொலைக்காட்சியையும்விடப் பயன்படும்.

அறிக்கையை எப்படிப் படிப்பது? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புயலின் மையம் வடக்கு அட்சரேகை 19, மேற்குத் தீர்க்கரேகை 83. கான்கூனை நோக்கி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கான்கூன் இருப்பது ஏறத்தாழ 21.2, 86.8இல். அட்சரேகையில் ஒரு பாகை 111 கி.மீ.; அந்தப் பகுதியில் தீர்க்கரேகையில் ஒரு பாகை சுமார் 104 கி.மீ. நேர்கோட்டில் கணக்கிட்டால் தூரம் ஏறக்குறைய 465 கி.மீ. வகுத்தால் 31 மணி நேரம். நிறைய நேரம் இருப்பதாகத் தோன்றும். ஆனால், புயல் என்பது ஒரு புள்ளி அல்ல. அதன் பலத்த காற்று மையத்திலிருந்து 200 கி.மீ. வரை பரவியிருந்தால், 18 மணி நேரத்திலேயே வெளியில் நடமாட முடியாத நிலை வந்துவிடும். விமானங்கள் அதற்கும் வெகு முன்பே நின்றுபோயிருக்கும். கையில் இருப்பது உண்மையில் சில மணி நேரம்தான்.

தொலைக்காட்சியில் காட்டும் கூம்பு வடிவ வரைபடத்தைப் பெரும்பாலானோர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். புயலின் மையம் எந்தப் பகுதிக்குள் போகக்கூடும் என்பதை மட்டும் அது காட்டுகிறது. மூன்றில் இரண்டு முறை மையம் கூம்புக்குள் இருக்கும். மூன்றில் ஒரு முறை வெளியே போகும். மழையும் கடல் ஏற்றமும் கூம்பின் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. அதேபோல, 1 முதல் 5 வரையிலான வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. ஒரே இடத்தில் நகராமல் நிற்கும் சாதாரணப் புயல், வேகமாகக் கடந்துபோகும் வகை 3 புயலைவிட அதிக வெள்ளத்தைக் கொட்டிவிடும். 2005 அக்டோபரில் ‘வில்மா’ மெக்சிகோவின் யுகடான் கரையில் ஒரு நாளுக்கு மேல் நின்றபோது, கான்கூனுக்கு எதிரே இருக்கும் இஸ்லா முகெரெஸ் தீவில் 24 மணி நேரத்தில் 1,600 மி.மீ.க்கும் கூடுதலாக மழை கொட்டியது. சென்னை ஓராண்டில் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம்.

இரண்டு அறிவிப்புகளைப் பிரித்தறிவது நல்லது. ஹரிக்கேன் ‘கண்காணிப்பு’ என்றால், பலத்த காற்று வரக்கூடிய நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பாகச் சொல்லப்படுவது. ‘எச்சரிக்கை’ என்றால் 36 மணி நேரம். கண்காணிப்பு நிலையிலேயே கிளம்புகிறவருக்கு விமானத்தில் இடம் கிடைக்கும். எச்சரிக்கைக்காகக் காத்திருப்பவர் வரிசையின் கடைசியில் நிற்பார். ஓடிஸ் போன்ற புயலில் இந்த அவகாசம் எதுவும் கிடைக்காது. மெக்சிகோவில் இதற்கு இணையாக நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஐந்து நிறங்களில் அரசு எச்சரிக்கை தருகிறது. உள்ளூர் மக்கள் பேசுவது அந்த நிறங்களில்தான். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும் அல்லவா?

கிளம்புவதா, இருப்பதா என்ற கேள்வியில் என் நிலை தெளிவானது: இடம் கிடைக்கும்போது கிளம்புங்கள். மீதி நாட்களுக்குக் கட்டிய பணம் போகும், போகட்டும். விமான நிலையங்கள் புயல் வந்த பிறகு மூடப்படுவதில்லை. 2025 அக்டோபர் 28 அன்று ‘மெலிசா’ மணிக்குச் சுமார் 295 கி.மீ. வேகத்தில் ஜமைக்காவைத் தாக்கியது. சுற்றுலாப் பயணிகள் வந்திறங்கும் மான்டேகோ பே விமான நிலையம் அதற்கு இரண்டு நாட்கள் முன்பே மூடப்பட்டுவிட்டது. 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியை நினைத்துப் பாருங்கள். ‘பெரில்’ புயல் அந்தத் தீவை நேராகத் தாக்கவே இல்லை, தெற்கே விலகித்தான் போனது. அப்படியும் விமான நிலையம் மூடப்பட்டதால் வீரர்கள் விடுதியிலேயே முடங்கினார்கள். தனி விமானத்தில் அவர்கள் டெல்லி வந்து சேர்ந்தது ஜூலை 4 காலை. கோப்பையை வென்ற அணிக்கே அந்த நிலை. நமக்காகத் தனி விமானம் அனுப்ப யாரும் இல்லை.

புயல் வருவது தெரிந்ததும் பல விமான நிறுவனங்கள் கூடுதல் கட்டணமின்றித் தேதியை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும். அந்த அறிவிப்பு வந்த உடனே மாற்றுங்கள். பயணக் காப்பீட்டில் ஒரு நுணுக்கம்: புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு வாங்கிய காப்பீட்டில் அந்தப் புயலால் வரும் இழப்புக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே காப்பீட்டையும் எடுத்துவிட வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பத்தாண்டு வாழ்ந்திருந்தாலும், மெக்சிகோவில் சிக்கிக்கொண்டால் உதவி கேட்க வேண்டியது இந்தியத் தூதரகத்தை. அதன் அவசர எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டும் அமெரிக்க விசாவும் நனைந்து கிழிந்தால், வீடு திரும்புவதே பெரும் போராட்டமாகிவிடும். அவற்றை அறையின் பெட்டகத்தில் விட்டுவிடாமல், தண்ணீர் புகாத உறையில் போட்டு உடம்போடு வைத்திருக்க வேண்டும்.

கிளம்ப முடியவில்லை என்றால், அடுத்த முக்கியமான முடிவு எந்த அறை என்பது. தரைத்தளத்துக்குக் கடல் வரும். மேல்தளங்களுக்குக் காற்று வரும். 30 மாடி உயரத்தில் காற்று, தரையில் இருப்பதைவிட ஒரு வகை கூடுதலாக இருக்கும் என்பது கணக்கு. எனவே நடுத்தளங்களில், கடலைப் பார்க்காத பக்கம், சன்னலே இல்லாத உள்கூடம் அல்லது குளியலறைதான் பாதுகாப்பு. காசு கொடுத்து வாங்கிய கடல்காட்சி அறைதான் அந்த இரவில் மிக ஆபத்தான அறை. கண்ணாடியில் பெருக்கல் குறிபோல் டேப் ஒட்டுவதால் பயன் இல்லை. உடையும் துண்டுகள் இன்னும் பெரிதாகும். காற்றழுத்தத்தைச் சமன் செய்ய ஒரு சன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள்; அதைச் செய்யவே கூடாது. திறந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வையுங்கள், கழிப்பறைக்கு அதுதான். குடிநீர் தனி. கைப்பேசியும் பவர்பேங்கும் முழு சார்ஜில் இருக்கட்டும். அட்டை இயந்திரங்கள் வேலை செய்யாது என்பதால் உள்ளூர்ப் பணம் வேண்டும். அப்பா அம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துப் போயிருக்க வேண்டும். லிஃப்ட் நின்றுவிடும், முழங்கால் வலி உள்ளவரை எட்டாவது மாடியில் தங்க வைத்திருந்தால், மின்சாரம் இருக்கும்போதே மூன்றாவது மாடிக்கு மாற்றுங்கள்.

அரசு வெளியேறச் சொன்னால் விடுதியின் உறுதிமொழியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. வில்மாவின்போது கான்கூனில் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் பள்ளிகளிலும் முகாம்களிலும் பல நாட்கள் தங்கினார்கள். சிரமம்தான். ஆனால், உயிர் பிழைத்தார்கள்.

புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கும். வானம்கூடத் தெளியலாம். புயல் ஓய்ந்துவிட்டது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். சில நிமிடங்களிலோ அரை மணியிலோ கண்ணின் மறுபக்கச் சுவர் வந்துவிடும். காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வெறியோடு அடிக்கும். அதிகாரப்பூர்வ அறிவிப்பு வரும்வரை கதவு மூடியே இருக்க வேண்டும்.

புயல் போன பிறகும் ஆபத்து இருக்கிறது. தேங்கிய நீரில் அறுந்த மின்கம்பி கிடக்கலாம். மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓடினால் அதன் நச்சுப்புகை தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். 2014 செப்டம்பரில் ‘ஓடில்’ புயல் தாக்கி மெக்சிகோவின் லாஸ் கபோஸ் விமான நிலையம் சிதைந்தபோது, ஏறத்தாழ 30,000 சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மெக்சிகோ அரசு விமானங்களை அனுப்பி அவர்களை வேறு நகரங்களுக்குக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட வரிசையில் பெரிய பெட்டிகளுக்கு இடம் இருக்காது. முதுகில் மாட்டும் ஒரே பைக்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

முன்பதிவு செய்யும்போதே விடுதியிடம் சில கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்வது நல்லது. ஜெனரேட்டர் எத்தனை நாள் ஓடும்? விருந்தினருக்கான புகலிடம் கட்டடத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது? எச்சரிக்கை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? இன்னொன்றையும் கேட்கச் சொல்வேன்: புயல் நாளில் பணியில் இருக்கும் ஊழியர்களின் குடும்பங்களுக்கு அங்கே இடம் உண்டா? நமக்கு உணவு பரிமாறுகிறவரின் வீடு பெரும்பாலும் தகரக் கூரையோடு மலைச்சரிவிலோ தாழ்நிலத்திலோ இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருக்க, அவர் இங்கே நம் சன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருப்பார். குடும்பத்தைப் பார்க்க அவரை நேரத்தோடு அனுப்புகிற விடுதி, அல்லது குடும்பத்தையே உள்ளே அழைத்துக்கொள்கிற விடுதி, புயலுக்கு உண்மையாகவே திட்டமிட்டிருக்கிறது. பதில் சொல்லாமல் நழுவும் விடுதியில் நான் செப்டம்பரில் அறை எடுக்க மாட்டேன்.