ஓசையின்றி ஒழுகும் நீர்

குழாய் சொட்டினால் காதில் விழும். எழுந்து சென்று மூடுகிறோம். கழிவறையின் பிளஷ் தொட்டியில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தாலோ, நீர் பீங்கான் சுவரோடு வழிந்து, ஓசையின்றி ஓடிவிடும். அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால், நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். ஏறத்தாழ 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். ஆகவே ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேலும், ஓராண்டில் 1,500 லிட்டருக்கு மேலும் வீணாகும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றனர். அதை நினைத்து இக்கணக்கைப் பாருங்கள்.

வளையம் ஏன் கெடுகிறது? கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் உறுதி பெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் கண்டார். அத்தகைய ரப்பர் நெகிழ்வுடையது. மேலுள்ள நீர் அழுத்தும்போது துளையின் விளிம்பில் இடைவெளியின்றிப் படியும். நீரில் கலந்த குளோரின் நாளடைவில் அதனை விறைக்கச் செய்கிறது; வெடிப்பு உண்டாகிறது. உப்பு நீராயின், விளிம்பில் படியும் சுண்ணாம்பும் நீருக்கு வழி விடுகிறது.

ஒழுக்கைக் கண்டறிவது எளிது. தொட்டி நீரில் சிறிது சொட்டு நீலம் கலந்து, அரை மணி நேரம் எவரும் பயன்படுத்தாமல் விடுங்கள். தொட்டி நிரம்பி வழியாதிருந்தும் பீங்கானில் நீலம் தென்பட்டால், வளையத்தை மாற்ற வேண்டும். தொட்டிக்கு நீர் வரும் குழாயை மூடுங்கள்; உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுங்கள். நடுவிலுள்ள வால்வு பெரும்பாலும் கையால் திருகினாலே கழன்று வரும். பழைய வளையத்தைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே அளவில் புதியது வாங்குங்கள். விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். பின்னர் நீலச் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

"கழிவறை வேலையா?" என்று முகம் சுளிக்கும் மாணவரை நான் கண்டதுண்டு. அத்தொட்டியில் நிற்பது கழிவன்று. பெரும்பாலும் மற்றக் குழாய்களில் வரும் அதே நீர்தான். அழுக்கு அந்த நீரில் இல்லை. சில வேலைகளைச் சிலருக்கே உரியவை என்று ஒதுக்கிய நம் எண்ணத்தில் இருக்கிறது. வளையத்தை மாற்றும் கை அந்த எண்ணத்தையும் மாற்றட்டும்.