காணி தேடுவோர் கவனத்திற்கு

பருத்தித்துறையில் காணி வாங்க விரும்பும் நம்மவர், கடல் கடந்து வாழ்வோராயின், இன்று முதலில் நாடுவது இணையத்தளங்களையே. அவை விளம்பரப் பலகை போன்றவை. விற்றுப்போன காணியின் படமும் அங்கே நெடுநாள் தொங்கக்கூடும்.

அமெரிக்காவில் தரகர்கள் தமக்குள் பேணும் பொதுப் பட்டியல் வேறு வகையானது. விலை மாறினாலும் விற்பனை முடிந்தாலும் குறித்த நாட்களுக்குள் அதனைத் திருத்துதல் கட்டாயம். தவறினால் தண்டமும் உண்டு. 2006 இல் தொடங்கிய ‘சில்லோ’ முதலிய பொதுத் தளங்கள் பெரும்பாலும் அப்பட்டியல்களிலிருந்தே விவரம் பெறுகின்றன. நம் ஊர்த் தரகருக்கோ அவரது குறிப்புப் புத்தகமே பட்டியல்.

ஆயினும், இவற்றுள் எதுவும் காணியின் உரித்தைச் சொல்லாது. தேசவழமைக்குட்பட்ட ஒருவர் தம் பங்குக் காணியை விற்குமுன், ஏனைய பங்காளருக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்பது 1947 ஆம் ஆண்டின் முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம். அறிவித்தல் இன்றி வாங்கிய காணி வழக்கில் முடியலாம்.

எனவே, படத்தை நம்பி முற்பணம் அனுப்பாதீர். நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடுவித்து, உறுதியையும் பங்காளரையும் அறிந்த பின்னரே விலை பேசுவோமாக. தளம் காணியைக் காட்டும். பதிவேடே உரித்தைக் காட்டும்.