நெடுவழிக்கு ஏற்ற மிதிவண்டி

மிதிவண்டியில் உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர். 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து அவர் புறப்பட்டார். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் கடந்து, 1886-இல் நம் நாட்டின் வடபகுதி வழியாகக் கல்கத்தாவை அடைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானிலுள்ள யோக்கோகாமாவில் அவர் பயணம் முடிவுற்றது. கடல்களைக் கப்பலில் கடந்தார் என்பது சொல்லாமலே விளங்கும். அவர் ஏறிச்சென்ற வண்டியின் முன்சக்கரம் 50 அங்குலக் குறுக்களவு உடையது. பின்சக்கரமோ மிகச் சிறியது. அதற்குச் சங்கிலி கிடையாது. மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. ஒரு முறை மிதித்துச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 4 மீட்டர் செல்லும். சமவெளியிலும் அவ்வளவே, மலைச்சரிவிலும் அவ்வளவே. ஆகவே, கடும் ஏற்றங்களில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மாற்றுச் சட்டை ஒன்று, காலுறைகள், கூடாரமாகவும் உதவிய மழைச்சட்டை ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று ஆகியவையே அவர் கொண்டுசென்ற பொருள்களுள் முதன்மையானவை.

இன்று நெடும்பயணம் செல்வோர்க்கு அத்துணைத் துன்பம் இல்லை. ஆயினும், எவ்வகை வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இளைஞர் பலர் தடுமாறுகின்றனர். விரைந்து செல்லும் பந்தய வண்டியே சிறந்ததென்று எண்ணுகின்றனர். பந்தயக் குதிரையின்மேல் உப்பு மூட்டை ஏற்றுவார் உண்டோ? பயண வண்டி, ஓட்டுபவரோடு 15 அல்லது 20 கிலோகிராம் சுமையையும் நாள்தோறும் தாங்கிச் செல்வது. விரைவைக் காட்டிலும் உறுதியும் நிலைபேறுமே அதற்கு வேண்டுவன. பந்தய வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தொலைவு பெரும்பாலும் ஒரு மீட்டரை எட்டாது. பயண வண்டியில் அதனினும் சில சென்டிமீட்டர் மிகுந்திருக்கும். இந்நீளத்தால் வண்டி அலைபாயாது. பின்புறம் தொங்கும் பைகளில் குதிகாலும் இடிக்காது. சட்டகம் எஃகினால் ஆயதாயின் நன்று. அலுமினியம் அதனினும் இலேசானதே. எனினும், எஃகுச் சட்டகம் முறிந்தால் சிற்றூர்ப் பட்டறையிலும் பற்றவைத்துக்கொள்ளலாம்.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரம், வட்டை என மூன்று உறுப்புகள் உண்டு. மிதிவண்டிச் சக்கரத்திலும் அவையே உள்ளன. மரத்தாலான ஆரங்களுக்கு மாறாக மெல்லிய கம்பிகள் உள்ளன. சுமையில் பெரும்பங்கைப் பின்சக்கரமே தாங்குகின்றது. மேலும், பற்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், அதன் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கக் கம்பிகளைவிட இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. நெடும்பயணத்தில் பின்சக்கரக் கம்பிகளே மிகுதியாக முறிவது இதனாலேயாகும். கம்பிகள் 36 இருப்பின், ஒன்று முறிந்தாலும் அடுத்த ஊர்வரை செல்லலாம்.

டயர் வாங்குங்கால் ஒரு செய்தியை மறவாதிருத்தல் வேண்டும். நம் ஊர்ப் பழைய வண்டிகளின் டயரும் இக்காலப் பயண வண்டி பலவற்றின் டயரும் ‘28 அங்குலம்’ என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றன. ஆனால், முன்னது பொருந்தும் வட்டையின் குறுக்களவு 635 மில்லிமீட்டர்; பின்னது பொருந்தும் வட்டையின் குறுக்களவு 622 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பெயரை நம்பி வாங்கியவர் நடுவழியில் நிற்க நேரிடும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து வாங்குவதே தக்கது.

இனி, ஏற்றத்தைப் பற்றிக் கூறுவோம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் 2,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. இவ்வேற்றம் முழுவதும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்ச் சாலையில் அடங்கிவிடுகின்றது. பயண வண்டியில் பெரியவும் சிறியவுமாகிய பற்சக்கரங்கள் பல இருப்பது இத்தகைய வழிகளுக்காகவே. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். முன்னே 44 பற்களும் பின்னே 16 பற்களும் உள்ள சக்கரங்களில் சங்கிலி ஓடுமாயின், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.8 மீட்டர் செல்லும். முன்னே 24 பற்களும் பின்னே 32 பற்களுமாக மாற்றினால் 1.6 மீட்டரே செல்லும். விரைவு குறையும், ஆனால், காலுக்கு வேண்டிய வலிமையும் அதே அளவு குறைந்துவிடும். ஸ்டீவன்ஸுக்குக் கிடைக்காத வசதி இது.

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் நில்லாது போனாலோ உயிருக்கே இடர். வட்டையை அழுத்தும் பிரேக்கை நெடுநேரம் விடாது பிடித்தால் வட்டை சூடேறி, டயர் வெடித்தலும் கூடும். ஆகையால், விட்டுவிட்டுப் பிடித்தலும், விரைவு மிகுமுன்னரே அடக்குதலும் வேண்டும். மழையில் நனைந்த வட்டையில் பிரேக் உடனே பற்றாது என்பதையும் நினைவிற்கொள்க.

பொதிமாட்டின்மேல் சுமையேற்றுவோர் இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு பார்த்து ஏற்றுவர். மிதிவண்டிக்கும் அதுவே முறை. சக்கரத்தின் இருமருங்கிலும் தொங்கும் பைகளில் கனத்த பொருள்களை அடியில் வைத்தல் வேண்டும். சுமை உயர்ந்திருந்தால் வண்டி தள்ளாடும். எல்லாவற்றையும் பின்னே ஏற்றினால், மேட்டில் முன்சக்கரம் நிலைகொள்ளாது. ஆதலின், முன்னேயும் சிறிய பைகள் இரண்டு இருத்தல் நலம். முதுகில் மூட்டை கட்டிக்கொள்வது தோளையும் இடுப்பையும் வருத்தும்.

இருக்கையின் உயரத்தை அறிய எளிய வழி உண்டு. அமர்ந்து குதிகாலை மிதிகட்டையின்மேல் வையுங்கள். கட்டை மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும்போது கால் மடங்காமல் நீளுமாயின் உயரம் சரியே. பஞ்சு பொதிந்த தடித்த இருக்கை முதல் ஒரு மணி நேரம் இனிக்கும்; பின்னர்த்தான் துன்பம் தெரியும். வண்ணத்தைப் பற்றிக் கடைக்காரர் நெடுநேரம் பேசுவார்; இங்கு அது வேண்டுவதில்லை. விளக்கு, மணி, மட்கார்டு, தலைக்கவசம், தண்ணீர்க் குடுவைகள் ஆகியவை இன்றிப் புறப்படலாகாது.

1923-இல் பம்பாயிலிருந்து மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவருள் மூவர் 1928-இல் பயணத்தை நிறைவேற்றித் திரும்பினர். மேற்கு ஆசியப் பாலைவனங்களையும் அவர்கள் கடந்தனர். அத்தகைய இடத்தில் பழுதுபார்ப்பவர் ஏது? பஞ்சர் ஒட்டவும், சங்கிலியை இணைக்கவும், கம்பி மாற்றவும் பயணி தாமே கற்றிருத்தல் வேண்டும். பம்பு, மாற்று ட்யூப், ஒட்டுப்போடும் பொருள்கள், திருகுசாவிகள், பிரேக் கம்பி ஒன்று, ஆரக்கம்பிகள் நான்கைந்து ஆகியன பையில் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முந்திய வாரத்தில், முழுச் சுமையையும் ஏற்றி 30 அல்லது 40 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். காரியரின் திருகு தளர்வதும், பை ஒரு பக்கம் சாய்வதும், இருக்கை உறுத்துவதும் அன்றே தெரிந்துவிடும். வீட்டிற்கு அருகிலேயே அவற்றைச் சரிசெய்துகொள்ளலாம்.