உஷார்! பூலில் இடம் இருக்கிறதா, இருப்பதாகக் காட்டுகிறதா?

2023 ஆகஸ்ட் 29. ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் தொழிற்சாலைகளும் நின்றன. சைபர் தாக்குதலோ என்று பலர் பதறினார்கள். பிறகு நிறுவனமே சொன்ன காரணம் வேறு: உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் டிஸ்க் இடம் போதவில்லை. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பு வேலையில், டேட்டாபேஸில் தகவல்களை நீக்கி ஒழுங்குபடுத்தும்போதே இடம் தீர்ந்து பிழை வந்திருக்கிறது. மாற்று சர்வர் இருந்தது. அதுவும் அதே அமைப்பில் ஓடியதால் கைகொடுக்கவில்லை.

உங்கள் பொறுப்பில் ஒரு ஸ்டோரேஜ் அரே இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே பூலைத் திறந்து பாருங்கள். வால்யூம்களை அல்ல, அவற்றுக்கு அடியில் இருக்கும் பூலை.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், தின் ப்ரொவிஷனிங்கில் இரண்டும் வேறுவேறு கணக்கு. பூலில் உண்மையாக இருப்பது 100 டெராபைட். ஆனால் கேட்ட குழுவுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போய், 250 டெராபைட்டுக்கு வால்யூம்கள் உருவாகியிருக்கும். எழுதும்போதுதான் இடம் ஒதுக்கப்படும் என்பதால் நெடுநாள் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். டேட்டாபேஸ் குழு தன் டிரைவைப் பார்த்தால் பாதி காலி. மெயில் குழுவுக்கும் பாதி காலி. பூலோ 96 சதவீதம் நிரம்பி நிற்கும். அவர்கள் கண்ணுக்குத் தெரியும் அந்தக் காலியிடம் ஏட்டுச் சுரைக்காய்.

மாதக் கடைசி இரவில் ஏதோ ஒரு வேலை வழக்கத்தைவிட அதிகமாக எழுதுகிறது, பூல் நிரம்புகிறது. எழுதியவர் மட்டும் மாட்டிக்கொண்டால் பரவாயில்லை. அந்தப் பூலில் புது இடம் கேட்கும் ஒவ்வொரு தின் வால்யூமுக்கும் கதவு அடைபடும். விர்ச்சுவல் மெஷின்கள் உறையும், டேட்டாபேஸ்கள் விழும். சில அரேக்கள் வால்யூமையே ஆஃப்லைனுக்குத் தள்ளிவிடும்.

அந்த நேரத்தில் பதற்றத்தில் ஃபைல்களை அழிக்கத் தொடங்குவோம். அழிப்போம், பூலில் ஒரு சதவீதம்கூட இறங்காது! அழித்தது சர்வருக்குத்தான் தெரியும், அரேக்குத் தெரியாது. அன்மேப் கட்டளை போனால்தான் அந்த இடம் பூலுக்குத் திரும்பும். விஎம்வேரில் விஎம்எஃப்எஸ் 5 என்றால் அதைக் கையால் ஓட்ட வேண்டும். விஎம்எஃப்எஸ் 6 தானாகச் செய்யும், ஆனால் பின்னணியில் மெதுவாக. அன்மேப் போனாலும், பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று அந்த பிளாக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தால் இடம் வரவே வராது. ஆகவே, யாரும் கேட்காத ஸ்னாப்ஷாட்டுகளைப் பூல் நிரம்பும் முன்பே கண்டுபிடித்து வையுங்கள்.

இடப் பிரச்சினைக்காவது டிஸ்க் சேர்த்துத் தப்பிக்கலாம். என்னை அதைவிட அதிகம் பயமுறுத்துவது வேறு. பல அரேக்களில் ஒரு பூல் என்பது பல ரெய்டு குழுக்களின் மேல் விரித்த ஒரே பாய். ஒவ்வொரு வால்யூமின் துண்டுகளும் எல்லாக் குழுக்களிலும் சிதறிக் கிடக்கும். ஒரே ஒரு குழு அதன் தாங்கும் எல்லையைத் தாண்டி உடைந்தால், மொத்தப் பூலும் போச்சு. ரெய்டு 5 தாங்குவது ஒரு டிஸ்க் இழப்பை. ரெய்டு 6 இரண்டை. 20 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் முழுசாகத் திரும்ப எழுதினாலே ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகும். ரெய்டு 5-இல் அத்தனை மணி நேரமும் இரண்டாவது டிஸ்க் போகக் கூடாது. அந்த நேரத்தில் பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிடுவதும் நடக்கிறது. மினுங்கும் விளக்கைப் பார்த்து, ஸ்லாட் எண்ணை இன்னொருவரையும் படிக்கச் சொல்லி, அப்புறம் கை வையுங்கள்.

“ஒரே நேரத்தில் இத்தனை டிஸ்க் எப்படிப் போகும்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2019 நவம்பரில் எச்பிஇ தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகளைப் பற்றி எச்சரித்தது: ஃபர்ம்வேர் பிழையால் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், டிஸ்க்கும் டேட்டாவும் மீட்க முடியாமல் போய்விடும். 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு எச்சரிக்கை. ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் மின்சாரம் கொடுத்த டிஸ்க்குகளால் கட்டிய பூலை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறது. அங்கே ரெய்டு 6-ம் காப்பாற்றாது, ஸ்பேரும் காப்பாற்றாது. மணிக்கணக்கு எட்டும் முன் புது ஃபர்ம்வேர் ஏற்றியவர்கள் மட்டுமே தப்ப முடிந்தது.

எனவே பேக்கப் அதே பூலில் உட்கார்ந்திருந்தால் அதை பேக்கப் என்று அழைக்காதீர்கள். ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான், பூலோடு பிறந்தது பூலோடு போகும்.

அலாரம் எந்த மெயிலுக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு “பூல் 90 சதவீதம்” என்று மாதக்கணக்கில் மெயில் போய்க்கொண்டிருக்கலாம். ஒரு சோதனை மெயிலை அனுப்பி, அது விழித்திருக்கும் யாரோ ஒருவரின் போனில் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். எச்சரிக்கை அளவை 95-இல் வைக்காதீர்கள். புது டிஸ்க்குக்கு ஒப்புதல் வாங்கி, ஆர்டர் போட்டு, பெட்டி வந்து சேர எத்தனை வாரம் ஆகும் என்று பாருங்கள். அத்தனை வாரத்தில் உங்கள் பூல் எவ்வளவு நிரம்புமோ, அவ்வளவு முன்னதாக அந்த மணி அடிக்க வேண்டும்.