மடியில் குழந்தை, எதிரே ஏர்பேக்

ஏர்பேக்கை சீட் பெல்ட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பெல்ட் போடாதவருக்கு அது பாதி காவல், பாதி ஆபத்து.

1952-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவி, மகளுடன் காரில் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று தடை குறுக்கிட, வண்டியை ஒடித்துப் பள்ளத்தில் இறக்கினார். அந்தக் கணத்தில் கணவன், மனைவி இருவரின் கைகளும் முன்சீட்டில் இருந்த மகளைத் தடுக்கத்தான் நீண்டன. கைக்குப் பதிலாக வேறொன்று தடுக்க முடியாதா என்று யோசித்தவர், மறு ஆண்டே காற்றுப்பைக்குக் காப்புரிமை பெற்றார். நம்பகமான சென்சாரும் வேகமாக வாயு தரும் வழியும் கிடைத்து அது கார்களுக்குள் வர இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

இன்றைய கார்களில் முன்சீட்டுகளுக்கு நடுவே, கியருக்குப் பக்கத்தில், ஒரு சிறிய கணினிப் பெட்டி இருக்கிறது. வண்டியின் வேகம் எப்படிக் குறைகிறது என்பதை அது இடைவிடாமல் அளக்கிறது. எவ்வளவு அழுத்தி பிரேக் மிதித்தாலும் அது அசையாது. கெட்டியான சுவரில் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் இடித்தது போன்ற அதிர்ச்சி வந்தால்தான் மின்சாரத்தை அனுப்பும். மோதலில் பேட்டரி வயர் அறுந்தாலும் கவலையில்லை. அதற்கென்றே கெபாசிட்டரில் மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. உடனே ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ரசாயன வில்லைகள் பற்றி எரிந்து வாயுவைக் கக்குகின்றன. மடித்து வைத்த பை மூடியைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டர் அளவு வேகத்தில் வெளியே வருகிறது. முழுதாக விரிய சுமார் 30 மில்லி செகண்ட் போதும். ஒருமுறை கண் சிமிட்டவே இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் நேரம் ஆகும்.

விரிந்த பை அப்படியே விறைத்து நிற்பதில்லை. அதில் ஓட்டைகள் உண்டு. தலை வந்து அழுந்தும்போது வாயு அவற்றின் வழியே வெளியேறி, பை மெல்ல இறங்குகிறது. அந்த இறக்கம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. ஆகவே தலை பையைத் தொடும்போது பை முழுதாக விரிந்திருக்க வேண்டும். அதுவரை உடலைப் பின்னால் பிடித்து வைப்பது பெல்ட்டின் வேலை. பெல்ட் இல்லாதவர் பிரேக் மிதித்தபோதே முன்னால் சரிந்துவிடுகிறார். விரிந்துகொண்டிருக்கும் பை அவர் முகத்தில் அடிக்கிறது. ஓட்டுநரின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஹெட்ரிக் ஒரு குழந்தைக்காக யோசித்த இந்தப் பை, 1990-களில் அமெரிக்காவில் முன்சீட்டுக் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. சிறிய விபத்துகளில்கூட இது நடந்தது. பிறகுதான் விசையைக் குறைத்தார்கள், எச்சரிக்கை ஸ்டிக்கர்களைக் கட்டாயமாக்கினார்கள். நம் கார்களிலும் இடதுபக்க சன் வைசரில் குழந்தை இருக்கை மேல் சிவப்புக் கோடு போட்ட படம் இருக்கும். கண்ணாடி பார்க்க வைசரை இறக்கும் எத்தனை பேர் அதைப் பார்க்கிறோம்?

அம்மா முன்சீட்டில், குழந்தை அவர் மடியில். இது நம் வீடுகளில் பல காலப் பழக்கம். ஆனால் 2022 முதல் இங்கே விற்கும் கார்களில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயம். பெல்ட் அம்மாவைப் பிடிக்கும், குழந்தையைப் பிடிக்காது. குழந்தையின் தலை டேஷ்போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இப்படிக் குழந்தைகளை நம் நாட்டிலும் இழந்திருக்கிறோம். அது நெஞ்சைப் பிசைகிறது, ஏனென்றால் பின்சீட்டில் உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

டேஷ்போர்டில் இடதுபக்கம் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று பொறித்த மூடிமேல் பிள்ளையாரை ஒட்டியிருந்தால், தயவுசெய்து இடம் மாற்றுங்கள். பை வெடித்து வரும்போது சிலையும் அதே வேகத்தில் பறந்து வரும்.

குழந்தைக்குப் பின்சீட்டில் தனி இருக்கை, அதற்குரிய பெல்ட். பின்னோக்கிய இருக்கையை முன்னால் வைத்தே தீர வேண்டும் என்றால், அந்தப் பக்க ஏர்பேக்கை அணைக்காமல் வைக்கவே கூடாது. பல கார்களில் இடதுபக்கக் கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் ஓரத்தில் சாவியால் திருப்பும் சுவிட்ச் தெரியும். பெரியவர் அங்கே உட்காரும்போது மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.